எழுமலை பஸ்ஸில் ஓர் எதிரிநாட்டுக் குழந்தை

“இவங்களும் யூதர்களா, அத்தை?”

எழுமலைக்கு மேற்கே, என் கணவரின் சொந்த ஊரில், பொழுது சாயும் நேரத்தில் எட்டு வயது ரூத் என்னிடம் இதைக் கேட்டாள். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவளோ தன் கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்டாள். அதை எப்படி இல்லை என்பது?

ரூத் என் மகள் அல்ல. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் பல் டாக்டரின் மகள். அவர்கள் வியன்னா என்ற பட்டணத்திலிருந்து வந்தவர்கள். யூதர்கள் என்பதற்காக அங்கே டாக்டரின் தொழிலைப் பிடுங்கினார்கள். ரூத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். கடைசியில் நாட்டையே விட்டுப் போகச் சொன்னார்கள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து இங்கே வந்து சேர்ந்தார்கள். வந்த புதிதில் எங்கள் தெருவே டாக்டருக்குக் கும்பிடு போட்டது. வெள்ளைத் தோலைக் கண்டால் துரை என்று நினைக்கிற தெரு அது. ரூத் என்ற பெயரைக் கேட்டு, இவர்களும் தன்னைப்போலக் கிறிஸ்தவர்கள்தான் என்று நினைத்து, எதிர்வீட்டு ஞானம்மாள் ஈஸ்டருக்குப் பலகாரம்கூடக் கொண்டுவந்தாள்.

யுத்தம் தொடங்கியதும் போலீஸ் வந்து டாக்டரை அழைத்துப் போனது. ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியபோது இவர்கள் கையில் ஜெர்மன் பாஸ்போர்ட்டைத் திணித்திருந்தார்களாம். ஆகவே டாக்டர் எதிரிநாட்டார். யாருக்குப் பயந்து ஓடிவந்தாரோ அவர்களுடைய ஆள் என்று சொல்லிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது பேனாவை அழுத்தி அழுத்திக் காகிதம் கிழிகிறது.

கும்பிட்ட தெரு அடுத்த வாரமே பேச்சை மாற்றியது. ஞானம்மாள் எங்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். பால்காரர், “ஏம்மா, அந்தப் பிள்ளை விளக்கை ஆட்டி ஏரோப்ளேனுக்குச் சாடை காட்டுதாமே?” என்று கேட்டார். அந்தப் பிள்ளை அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தது.

ரூத்தின் தாய் எல்சா, அதிகாரிகளைப் பார்த்து முறையிடப் போலீஸ் அனுமதி வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனாள். ரூத்தை என்னிடம் விட்டாள். அதே வாரத்தில்தான் என் மூன்று வயது மகள் பேச்சிக்குக் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்த நாள் வைத்திருந்தது. ஊர் கூடி வைத்த நாளை நான் ஒருத்தி மாற்ற முடியாது. ஆனால் ரூத்தின் குடும்பத்தார் அனுமதி இல்லாமல் மதுரையைத் தாண்டக் கூடாது. எட்டு வயதுக் குழந்தைக்கும் அந்தத் தடை உண்டா? ஸ்டேஷனில் போய்க் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் போனால் டாக்டருக்கு ஏதும் கெடுதல் வருமோ? புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

“நான் பகல் பூரா பள்ளிக்கூடத்துல இருப்பேன். பிள்ளையைத் தனியா விட்டுட்டா போவ? கூட்டிட்டுப் போ,” என்றார் வாத்தியார் வேலை பார்க்கும் என் கணவர். அவர் சொந்த மகளின் காதுகுத்துக்கு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் காலையில் பஸ் ஏறினோம். டிரைவர் ரூத்தைக் கண்டதும், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரை எழுப்பி, “பாப்பா இங்க உக்காரட்டும்,” என்றார். முதியவர் எழுந்து பின்னால் போனார். எனக்கு அது பிடிக்கவில்லை. ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார மாட்டேன் என்றாள். அவளும் நானும் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி அவள் தெருவில் பொறுக்கிய தமிழ். “எங்கள் ஊர்ப் பூங்காவில் நாங்கள் உட்காரக் கூடாத பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தால் எழுப்புவார்கள். எழுப்புகிறபோது எல்லாரும் பார்ப்பார்கள்,” என்றாள். முதியவரைத் திரும்பக் கூப்பிட்டேன். டிரைவருக்குப் பயந்து அவர் வரவில்லை. கடைசியில் அந்த இடத்தில் யாரோ ஒரு கோழிக்கூடையை வைத்தார்கள். கோழி சௌகரியமாக வந்தது.

செக்கானூரணி தாண்டியதும் பஸ் புகைவிட்டு நின்றது. தண்ணீர் கொண்டுவரக் கிளீனர் வாளியோடு கண்மாய்ப் பக்கம் போனான். நாங்கள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கிவைத்து ரூத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எந்தூருத் துரை மகத்தா இது?”

“துரை மக இல்லைங்க. ஊரைவிட்டு விரட்டிட்டாங்க.”

“வெள்ளக்காரியவா? யாரு விரட்டுனது?”

“இன்னொரு வெள்ளைக்காரன்தான்.”

“அடி ஆத்தே. அவுகளுக்குள்ளயும் உண்டா?” என்று சொல்லிவிட்டு, பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாயும் தடவி ரூத்திடம் நீட்டினாள். ரூத் கடித்துக் கண்ணில் நீர் வழிய மென்றாள். வியன்னாவில் வெள்ளரிக்காயைப் புளிக்கவைத்துத்தான் தின்பார்களாம். இன்னொன்று வேண்டும் என்றாள்.

வியன்னா என்ற பெயரைக் காதில் வாங்கிய, பத்திரிகை படிக்கிற ஒரு கனவான், “ஜெர்மன் தேசமா? இவர்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றலாமா? சர்க்காருக்குத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார். நான் பயந்துபோய் ஏதோ உளறினேன். வெள்ளரிக்கார அம்மாள்தான், “ஏன் சாமி, பிள்ளை என்ன பஸ்ஸையா கடிச்சுத் தின்னுரும்? உமக்கு ஒரு பிஞ்சு கீறவா, வாய்க்கு வேலையா இருக்கும்,” என்றாள். அவர் பத்திரிகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அத்தோடு விட்டது என்று நினைத்தேன்.

உசிலம்பட்டியில் ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். எங்கள் பக்கத்து ஆண்களை நிறுத்தி, ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டுக் கேட்பது அங்கே அன்றாட வழக்கம். ரூத் அவரது தொப்பியைப் பார்த்தாள். அடுத்த கணம் என் மடியிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வோர் இட்லியாக எடுத்துப் பிய்த்துப் பிய்த்து இலையில் போட்டாள். அவ்வளவையும் தூளாக்கிவிட்டு, இலையை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னே நீட்டினாள்.

“எனக்கா பாப்பா?” என்று சிரித்து, போலீஸ்காரர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். என்ன செய்தாய் என்று அவளைக் கேட்டேன். நாட்டைவிட்டு வரும்போது எல்லையில் ரயிலை நிறுத்தி, நகையை ஒளித்திருப்பார்கள் என்று, அவள் அம்மா கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையெல்லாம் கத்தியால் பிளந்து பார்த்தார்களாம். தாமதமானால் ரயில் போய்விடும் என்று அவள் அம்மா அழுதாளாம். “நாமே பிய்த்துக் காட்டினால் சீக்கிரம் முடியும்,” என்றாள். அவள் குரலில் வருத்தம் இல்லை. பல் தேய்க்கிற முறையைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அந்த எல்லைக் காவலர்களின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. சிரித்தவர்களையும்தான். எழுமலை வரை நாங்கள் பட்டினி. பேச்சி மட்டும் தூளை அள்ளித் தின்றாள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, எங்களுக்குக் கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். ரூத் களியை உருட்டத் தெரியாமல் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு விழித்தாள். “இம்புட்டுப் பிள்ளை, எம்புட்டுத் தூரம் வந்திருக்கு,” என்று சொல்லி ஓரகத்தி உருட்டிக் கொடுத்தாள். அவள் பெரிய மனது படைத்தவள். அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மறுநாள் என்னை ஏசியவர்களிலும் அவள் உண்டு.

பொழுது சாய்ந்தது. வீடு வீடாக ஆண்கள் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். என் கணவரின் அண்ணன் ஒச்சப்பன் மச்சானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாரேன்த்தா,” என்று சொல்லிப் புறப்பட்டார்.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எங்கள் குலத்தில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் பிறவியிலேயே குற்றவாளி என்று சர்க்கார் சட்டம் போட்டு, பத்து விரலின் ரேகையையும் எடுத்து வைத்திருக்கிறது. ராத்திரி கச்சேரியில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், போய்ப் படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். என் கணவர் படித்து வாத்தியார் வேலைக்கு வந்து, யார் யாரையோ பார்த்து விலக்கு வாங்கினார். ஆனாலும் ஊர்ப்பக்கம் தலைகாட்டினால் அவரையும் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பெற்ற மகளின் காதுகுத்துக்கு அவர் வராத காரணம் இதுதான்.

ரூத் வாசலில் நின்று பார்த்தாள். “எங்கே போகிறார்கள்?” என்றாள். போலீஸுக்கு என்றேன். “என்ன செய்தார்கள்?” ஒன்றும் செய்யவில்லை என்றேன். “பிறகு ஏன்?” இந்தக் குலத்தில் பிறந்தார்கள், அதற்காக என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் பேச்சியைத் தூங்கவைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். படித்த பெண் என்று பெயர். பதில் சொல்லத் துப்பில்லை.

இரண்டாம் நாள் காலையில் கோயில். முள்ளுக்காட்டுக்கு நடுவே ஓர் ஆலமரமும் அரிவாள்களும்தான் கோயில். அன்று எங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு முடியிறக்கல். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடியெடுக்க வேண்டும். பேரையூர்ப் பக்கத்திலிருந்து என் அண்ணன் கருப்பையா சீட்டு வாங்கிக்கொண்டு வண்டி கட்டி வந்திருந்தான். புது வேட்டியோடு பலகையில் உட்கார்ந்து பேச்சியை மடியில் வைத்துக்கொண்டான். வரிசையாக மாமன்மார், மடியில் பிள்ளைகள், தலையில் தண்ணீர், நாவிதர்களின் கத்தி, அழுகை, கொட்டுச் சத்தம். எனக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. ரூத்துக்கு அதைப்பற்றி முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பேச்சியின் தலையில் பாதி இறங்கியிருந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டத் திரும்பினார். கூட்டத்துக்குள்ளிருந்து ரூத் பாய்ந்து வந்து, என் அண்ணன் மடியிலிருந்த பேச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். “ஏய், பிள்ளை பிள்ளை,” என்று அண்ணன் எழுந்தவன் வேட்டி தடுக்கி உட்கார்ந்தான். கொட்டு நின்றது.

சோளக்காட்டுக்குள் தட்டை அசைவதைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். நடுக்காட்டில் ரூத் பேச்சியின் தலைமேல் தன் பாவாடையைப் போர்த்தி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சிக்கு இது விளையாட்டு. உள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் போடாதீர்கள் அத்தை,” என்றாள் ரூத். “பேச்சியை மட்டும் ஒளித்துவிடலாம். சின்னப் பிள்ளை. எண்ணும்போது தெரியாது.”

மூச்சு வாங்க வாங்கக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வியன்னாவில் அவள் அப்பா முதலில் போலீஸில் போய்க் கையெழுத்துப் போட்டு வருவாராம். ஒரு நாள் திரும்பி வரவில்லை. ஏதோ முகாமில் வைத்திருந்து, பிறகு மொட்டைத் தலையோடு விட்டார்கள். வந்ததும் நாட்டைவிட்டுப் போ என்றார்கள். அவளுக்குத் தெரிந்த வரிசை அதுதான். முதலில் போலீஸ், பிறகு மொட்டை, பிறகு ஊரைவிட்டுத் துரத்தல். நேற்று மாலை இந்த ஊர் ஆண்களெல்லாம் போலீஸுக்குப் போனதைப் பார்த்தாள். இன்று காலை பிள்ளைகளுக்கு மொட்டை. “எந்தக் கப்பலில் அனுப்புவார்கள்?” என்று என்னைக் கேட்டாள். கப்பலில் இந்த ஊர்க்காரர்களுக்குக் குமட்டும் என்றும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றும் சொன்னாள்.

அதற்குள் சனம் வந்துவிட்டது. ஒச்சப்பன் மச்சான் கத்தினார். “சாமிக்கு விட்ட முடியைப் பாதியில தூக்கிட்டு ஓடுறதா? படிச்சவன்னு இவகிட்ட விட்டா, ஊரான் பிள்ளையைக் கூட்டியாந்து கோயில் காரியத்தைக் கெடுக்குறா.” ஓரகத்தியும் சேர்ந்துகொண்டாள். “பாதி மொட்டை ஆகாதுன்னு தெரியாதாக்கும். மருதைக்காரிக்கு எல்லாம் மறந்துபோச்சு.”

என்றும் பேசாத நான் அன்று பேசினேன். கும்பிட்டு வளைந்தே பழகிய எனக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குழந்தை நினைத்ததை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, “அது நினைச்சதுல பாதி நிஜம்தானே. நேத்துச் சாயங்காலம் நீங்க எல்லாரும் பாயைத் தூக்கிட்டுப் போனீங்களா இல்லையா?” என்றேன்.

ஒச்சப்பன் மச்சான் ஒரு சோளத்தட்டையை ஒடித்துத் தரையில் தட்டினார். “அவுகளப் போங்கடான்னான். நம்மளப் போகாதடான்னுறான். அம்புட்டுத்தான் வித்தியாசம்,” என்றார்.

என் அண்ணன் ரூத் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, “பாப்பா, மொட்டை போட்டா எங்கயும் அனுப்ப மாட்டாக. பாரு,” என்று நாவிதரை அந்தச் சோளக்காட்டுக்கே கூப்பிட்டுத் தன் தலையைக் கொடுத்தான். “மீசைப்பக்கம் கை வந்துச்சு, உன்னைக் கப்பலேத்திருவேன்,” என்று நாவிதரிடம் சொன்னான். சனம் சிரித்தது. ரூத் சிரிக்கவில்லை. மொட்டைத் தலையோடு அவன் எழுந்து மாட்டுக்குத் தட்டை அறுத்துப் போடுகிறவரை, மூட்டை எதுவும் கட்டுகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகுதான் பேச்சியை விட்டாள். மிச்ச முடி இறங்கியது, காதும் குத்தியாயிற்று. கறிச்சோறு சாப்பிட்டதும் அண்ணன், பொழுது சாயுமுன் தன் ஊர்க் கச்சேரியில் நிற்க வேண்டும் என்று வண்டியை விரட்டிக்கொண்டு போனான். அவன் அவசரமாகப் போவதை ரூத் கவனித்தாள். ஏன் என்று என்னைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதுரைக்குத் திரும்பினோம். வாசலில் போலீஸ் நின்றது. பஸ்ஸில் வந்த கனவான் எழுதிப்போட்டிருக்கிறார். எதிரிநாட்டுக் குழந்தையை அனுமதியின்றி வெளியூருக்குக் கடத்தினேனாம். கடத்தினேன் என்ற சொல்லை இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை சொன்னார். குழந்தை எங்கே போய் என்ன உளவு பார்த்தது என்று கேட்டேன். “பதில் பேசாதம்மா,” என்றார். இதனால் டாக்டருக்கு ஏதும் கெடுதல் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். இரவெல்லாம் அதே நினைப்புத்தான்.

மறுநாள் எல்சா சென்னையிலிருந்து வந்தாள். டாக்டரை விடமாட்டார்களாம். அவளையும் ரூத்தையும் மலைமேல் ஓர் ஊரில் பெண்களுக்கான முகாமில் வைக்க உத்தரவு ஆகியிருக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் இல்லை. வேலிக்கு வெளியே வரவும் முடியாது. அதே வேலிக்குள் ஹிட்லரைப் புகழ்கிற ஜெர்மன் பெண்களையும் வைத்திருக்கிறார்கள் என்று எல்சா கேள்விப்பட்டிருக்கிறாள். உள்ளூரில் பொறுப்பான குடும்பம் ஒன்று ஜாமீன் நின்றால் குழந்தையை மட்டும் வெளியே விடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். எல்சா என் கையைப் பிடித்துக்கொண்டு, ரூத்தை நீ வைத்துக்கொள் என்றாள்.

பிறகு அவளே இன்னொன்றும் சொன்னாள். வியன்னாவில் கணவனைத் தேடி அலைந்த நாட்களில் ரூத்தை அண்டைவீட்டில் விட்டுப் போனாளாம். அந்த வீட்டார் பயந்து குழந்தையை வெளியே அனுப்பிவிட்டார்கள். எல்சா திரும்பி வரும்வரை ரூத் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து அம்மா வாசலைத் தாண்டினால் குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னிடம் விட்டுச் சென்னைக்குப் போனபோதும், பஸ் ஏறும்வரை ரூத் உணவை ஒதுக்கியதை நான் பார்த்தேன். காரணம் அன்று தெரியாது.

ஜாமீன் நின்றால் என் கணவரின் விலக்கை ரத்து செய்யலாம் என்று இன்ஸ்பெக்டர் சாடையாகச் சொல்லிவிட்டுப் போனார். ரத்தானால் வாத்தியார் வேலை போகும். அவரும் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். “போனா போகுது, நீ முடிவு பண்ணு,” என்கிறார் அவர். முடிவை என் தலையில் போடுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. ஒச்சப்பன் மச்சான், கூடவே கூடாது என்று ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார். ரூத்திடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவள் பேச்சியின் மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருக்கிறாள்.

மாதக் கடைசிக்குள் நான் சொல்லியாக வேண்டும். தாயோடு வேலிக்குள் இருப்பதா, தாயில்லாமல் வெளியே படிப்பதா? ஒரு குழந்தைக்கு எது குறைந்த கெடுதல்? இதைப் படிக்கிற தாய்மார்களே, பத்திரிகை அலுவலகத்துக்கு எனக்கு எழுதுங்கள். சட்டம் என்ன சொல்கிறது, தர்மம் எது என்றெல்லாம் எழுத வேண்டாம். அதைச் சொல்ல எங்கள் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வயிற்றில் பிறந்ததாக இருந்தால் என்ன செய்வீர்கள், அதை எந்த வார்த்தையில் அவளிடம் சொல்வீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.